பொறுமையோடு நின்றுவிடும் பாடம்

ஒரு சமுதாயம் தன் பெண்மக்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அறிய, அது அவர்கள் கையில் கொடுக்கும் நூல்களைப் பார்த்தால் போதும். மேடைகளில் நாம் பேசுவது வேறாக இருக்கலாம். நிக்காஹ் முடிந்த பெண்ணுக்கு அன்பளிப்பாக எந்த நூலைத் தேர்ந்தெடுக்கிறோம், மதரசாவில் பரிசாக எதை வழங்குகிறோம் என்பதில்தான் நம் உண்மைக் கருத்து வெளிப்படுகிறது. இக்கட்டுரை அத்தகைய நூல்களைப் பற்றியது. அவற்றினின்று விலகி எழுந்த ஒரு நாவலைப் பற்றியது.

அண்மைக் காலத்தில் கல்வியாளர்கள் 'சமூக – உணர்வுக் கல்வி' என்று ஒன்றைப் பெரிதும் பேசுகின்றனர். 1994இல் அமெரிக்காவில் தோன்றிய ஓர் அமைப்பு இதனை ஐந்து கூறுகளாக வகுத்துப் பரப்பியது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறர் நிலையை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் இதனை வலியுறுத்துகிறது. இதைப் படிக்கும் நம்மவர், 'இதில் புதுமை என்ன? நஃப்ஸை அடக்குவதும், அன்றாடம் தன்னைத்தானே கணக்குக் கேட்டுக்கொள்ளும் முஹாஸபாவும் நமக்குத் தெரியாதவையா? இமாம் கஸ்ஸாலி இவற்றை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதிவிட்டாரே!' என்பர். அது சரியே. ஆனால் நம் பெண்களுக்கென எழுதப்பட்டவற்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், ஐந்தில் நான்கு கூறுகள்தாம் கிடைக்கின்றன. ஐந்தாவதைக் காணோம்.

நான்கும் குறைவாகக் கற்பிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள் ஆகியோர் பாடிய ஞானப் பாடல்கள் தன்னை அறிதல் என்னும் கலையின் உச்சியைத் தொட்டவை. பள்ளிக்கூடப் படியேறாத பெண்கள், அரபுத் தமிழ் எழுத்தின் துணையோடு, உள்ளத்தின் மயக்கத்தையும் தெளிவையும் பிரித்துக் காட்டும் சொற்களைக் கண்டெடுத்தனர். வீட்டுக்குள் ஓதிக்கொடுக்கும் பெண்மணிகள் அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தனர். தொட்டிலில் கேட்ட தாலாட்டிலேயே நபிமார் வரலாறும் குடும்பத்து உறவுமுறையும் சேர்ந்து வந்தன. இத்தனை செல்வத்தை வைத்துக்கொண்டு, நம் பெண்களுக்கு உணர்வுப் பயிற்சியே இல்லாதிருந்தது என்று யாரேனும் எழுதினால் அது அறியாமை.

ஆனால் ஞானப் பாடலிலிருந்து இறங்கி, 'பெண் புத்தி மாலை' போன்ற அறிவுரை நூல்களுக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. மணமாகிப் போகும் மகளுக்குப் பெரியோர் புத்தி சொல்லும் முறையில் அமைந்தவை இவை. கணவன் சினந்தால் பணிந்துபோ. மாமியின் சொல்லைத் தட்டாதே. அண்டை வீட்டில் குறை சொல்லாதே. உள்ளதைக் கொண்டு நிறைவு கொள். ஒவ்வோர் அறிவுரையையும் தனித்தனியே எடுத்தால் தவறென்று சொல்ல இயலாது. நூலை முழுமையாக நோக்கும்போதுதான் குறை புலப்படுகிறது. அப்பெண்ணுக்கு நேர்வன எல்லாம் பிறர் செய்வனவாகவே இருக்கின்றன. அவள் செய்யக்கூடியது தாங்கிக்கொள்வது ஒன்றே. எங்கேனும் ஓரிடத்தில், 'இந்நிலையில் நீ என்ன முடிவு செய்வாய்?' என்று அவளைக் கேட்கும் வரி இல்லை. பாடம் பொறுமையோடு நின்றுவிடுகிறது. ஸப்ரு பெரும் பண்புதான். ஆயினும் அதை மட்டுமே ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்து, ஷூராவைக் கற்றுக்கொடாமல் விட்டால், அது அரைப் பாடம்.

வாழ்க்கையோ ஏட்டினின்று வேறுபட்டிருந்தது, வியப்பு இங்கேதான். சோழமண்டலக் கரையின் மரைக்காயர் ஊர்கள் பலவற்றில் வீடு பெண்மக்களுக்கே சேரும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். காயல்பட்டினமும் கீழக்கரையும் இதற்குப் பெயர்பெற்றவை; நாகூர், காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களும் இவ்வழக்கத்தை அறியும். ஆண்கள் சபராளிகள். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் இவ்வூராருக்குச் சைகோன் துறைமுகம் அண்டை ஊர்போல் ஆயிற்று. சைகோன் நகரில் 1935இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. சிங்கப்பூர், பினாங்கு, இரங்கூன் என்று போனவர்களும் பலர். அவர்கள் திரும்பிவர ஆண்டுகள் ஆகும். அதுவரை வரவு செலவு பார்த்தவர் யார்? குத்தகை நெல்லை அளந்து வாங்கியவர் யார்? மகளுக்கு வரன் பார்த்து, சம்பந்தி வீட்டாரிடம் பேசி, கடல் கடந்து கடிதம் எழுதி, 'இவ்வாறு முடித்திருக்கிறோம்' என்று தெரிவித்தவர் யார்? வீட்டிலிருந்த உம்மாமார்தாம். முடிவெடுப்பதே தொழிலாய் வாழ்ந்த பெண்கள், பணிவை மட்டுமே போதிக்கும் மாலைகளைத் தம் மகளிருக்கு ஓதவைத்தனர்!

காரைக்காலுக்கு இம்முரண்பாடு இன்னும் பொருந்தும். தமிழுலகம் இவ்வூரை ஒரு பெண்ணின் பெயராலேயே அறிகிறது. காரைக்கால் அம்மையார் நம் சமயத்தவர் அல்லர். எனினும் கணவன் கலமேறிச் சென்றுவிட, இல்லத்தில் தனித்திருந்த வணிகர் குலப் பெண்ணின் நிலை இக்கரையில் வாழும் எச்சமயத்தவர்க்கும் புதியதன்று. அந்நிலையில் தன் வழியைத் தானே தேர்ந்துகொண்டு பாடிய பெண்ணை இவ்வூர் தன் பெயரோடு சேர்த்து வைத்திருக்கிறது.

மார்க்கத்தின் பெயரால் பெண்களை முடிவெடுக்கும் இடத்தினின்று விலக்கிவைத்தார்கள் என்றால், அது மார்க்கத்தில் இல்லாததைச் சொன்னதாகும். ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபின், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தபோது தோழர்கள் மனவருத்தத்தால் எழவில்லை. அப்போது உம்மு ஸலமா (ரலி) கூறிய யோசனை யாது? எவரிடமும் பேசாமல் தாங்களே முதலில் சென்று அதனைச் செய்யுங்கள் என்பதே. நபிகளார் அவ்வாறே செய்தனர். தோழர்களும் எழுந்து பின்பற்றினர். கூட்டத்தின் மனநிலையை ஒரு பெண்மணி சரியாகக் கணித்துச் சொன்ன முடிவு அது. தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த நிக்காஹை கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது நபிகளார் செல்லாதென விலக்கியதும் ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. நம் அறிவுரை நூல்கள் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் பொறுமையைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. உம்மு ஸலமாவின் யோசனைக்கும் கன்ஸாவின் முறையீட்டுக்கும் அவற்றில் எத்தனை வரிகள் உண்டு என்று வாசகர்களே தம் வீட்டிலுள்ள நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

இப்பின்னணியில் வைத்துத்தான் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை மதிப்பிட வேண்டும். காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் வழியே தெற்கே சென்று வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். அக்காலத்தில் அது பிரிட்டிஷ் எல்லை. ஆனால் கொள்வினை கொடுப்பினைக்கு எல்லை ஏது? குலாம் காதிறு நாவலர் போன்ற பெரும் புலவர்கள் வாழ்ந்த அந்த ஊரில் 1917இல் பிறந்த ஜுனைதா, மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். சிறுவயதிலேயே மணம் முடிந்தது. அவர் எழுதிய 'காதலா? கடமையா?' நாவல் 1938இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை அளித்தவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர். ஏடு தேடி வாழ்நாளைக் கழித்த அம்முதுபெரும் அறிஞர், இருபத்தொரு வயது முஸ்லிம் பெண்ணின் நூலுக்கு முன்னுரை எழுத இசைந்தது சிறிய செய்தியன்று. முஸ்லிம் பெண் ஒருத்தி தன் பெயரையும் ஊரையும் அட்டையில் அச்சிட்டு நாவல் வெளியிடுவதே அந்நாளில் பலருக்குப் பொறுக்க முடியாத செயல்.

தலைப்பைக் கவனியுங்கள். அது ஒரு கேள்வி. புத்தி மாலைகள் யாவும் விடைகள். இந்நூலோ வினாவோடு தொடங்குகிறது. இரண்டு நல்லவற்றுக்கிடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்னும் நிலையில் உள்ளம் படும் பாட்டைச் சொல்வது வேறு. நன்மை இது, தீமை இது என்று கோடு கிழித்துக் காட்டுவது வேறு. முன்னதில்தான் படிப்பவள் தானும் எண்ணிப்பார்க்க வேண்டியவளாகிறாள். இக்கதையில் அந்தோணி ஹோப் 1894இல் எழுதிய 'செண்டாவின் கைதி' என்னும் ஆங்கில நாவலின் சாயல் உண்டென்பர். இருந்தால் இழுக்கில்லை, தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் தழுவாதவர் அரியர். அந்த ஆங்கிலக் கதையில் காதலை விட்டுக் கடமையை ஏற்கும் இறுதி முடிவு அரசகுமாரி பிளேவியாவின் கையில் இருக்கிறது என்பது நினைக்கத் தக்கது. நாகூர்ப் பெண்ணொருத்தி எத்தனையோ கதைகளிருக்க இந்த வகைக் கதையால் கவரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்பது எம் கருத்து.

புகழ்ந்தது போதும், குறையையும் பேசுவோம். அக்கதை நம் வீடுகளுக்குள் நடக்கவில்லை. அரசவை, ஆட்சியுரிமை, ஆள்மாறாட்டம் என்று அது வெகுதூரம் போய்விடுகிறது. தாம் அன்றாடம் கண்ட முற்றமும் அடுக்களையும், சபர் போனவரின் கடிதத்துக்குக் காத்திருக்கும் பெண்களும் அதில் இடம்பெறவில்லை. முடிவெடுக்கும் உரிமையைப் பேச வேண்டுமானால் அரண்மனைக்குப் போய்த்தான் பேச முடிந்தது என்றால், சொந்த முற்றத்தில் அதைப் பேச எவ்வளவு அச்சம் இருந்திருக்க வேண்டும்! வங்காளத்து ருகையா சகாவத் ஹுசைன் 1905இல் 'சுல்தானாவின் கனவு' எழுதியபோதும், பெண்கள் ஆளும் நாட்டைக் கனவில்தான் காட்டினார். ஆனால் ருகையா கனவோடு நிற்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளியை நிறுவி நடத்தினார். ஜுனைதாவுக்கு அப்படியொரு களம் அமையவில்லை. அவருக்கு இருந்தது பேனா ஒன்றே. அதைக்கொண்டு 'செண்பகவல்லி தேவி', 'மகிழம்பூ', 'பெண் உள்ளம் அல்லது சுதந்திர உதயம்' எனக் கதைகளும், 'இஸ்லாமும் பெண்களும்' என்ற கட்டுரை நூலும் எழுதினார். பெண்ணின் உள்ளத்தையும் விடுதலையின் விடியலையும் ஒரே தலைப்பில் 'அல்லது' என்னும் ஒரு சொல்லால் இணைத்த துணிவை எண்ணி எண்ணி மகிழலாம். 1998இல் அவர் மறைந்தபோது நம்மில் எத்தனை குடும்பங்கள் அவர் நூலொன்றை வைத்திருந்தன?

முற்றத்துக்கே திரும்பிவந்து எழுதிய நாவல் 2004இல் வந்தது: துவரங்குறிச்சி சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. இதனை நம் குடும்பங்களில் பலர் வெறுத்தனர். அதிலுள்ள சில பகுதிகளை இளம்பெண்கள் கையில் கொடுக்கத் தயங்குவோரை யாம் குறைகூறவில்லை. ஆனால் அடுக்களையிலும் பின்கட்டிலும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏக்கம், பொறாமை, சினம், நையாண்டி ஆகியவற்றுக்கு அந்நாவல் பெயரிட்டுக் காட்டியதை மறுக்க முடியாது. சொந்த விருப்பத்தைச் செயலாக்கத் துணியும் பிர்தவ்ஸுக்கு அக்கதையில் வாழ இடமில்லாமற் போகிறது. ஜுனைதா கேட்ட கேள்வியை நம் வீட்டுக்குள் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதைச் சல்மா எழுதிவிட்டார், அது கசக்கிறது. பள்ளிப் படிப்பு இடையில் நிறுத்தப்பட்ட அவரே, தலைவர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டபோது 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரானார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அதே ஆண்டில் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக், முஸ்லிம் பெண்களின் வாழ்வைச் சொல்லும் கதைகளுக்காகப் பன்னாட்டுப் புக்கர் பரிசு பெற்றார். ஆக, நாவலில் மூடிய கதவு நாட்டு வாழ்வில் சிறிது திறந்தது. புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது என்பதால், காரைக்கால் பெண்களுக்கு அவ்வாய்ப்பும் அரிதாகவே வந்தது.

இப்போது நம் பெண்கள் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியில் பட்டம் பெறுகிறார்கள். ஆண்கள் சைகோனுக்குப் பதிலாக வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் போகிறார்கள். வங்கிக் கணக்கு, வீடு கட்டும் வேலை, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை அனைத்தும் மீண்டும் வீட்டிலிருக்கும் பெண்ணின் பொறுப்பு. ஆயினும் மணநாளில் அவளுக்குக் கிடைக்கும் நூல் பளபளப்பான தாளில் அச்சான அதே புத்தி மாலைதான். உரைநடைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

மதரசாக்களும் மகளிர் கூட்டங்களும் ஒன்று செய்யலாம். ஆசியா உம்மாவின் பாடல்களையும், உம்மு ஸலமாவின் வரலாற்றையும், ஜுனைதாவின் நாவலையும் ஒரே தொகுப்பாகப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் வைக்கலாம். நாவலை நடத்தும்போது ஓதிக்கொடுப்பவர் தலைப்பிலுள்ள கேள்விக்குத் தாமே விடைசொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடட்டும். ஆசிரியை தந்த முடிவோடு உடன்படாதவர்கள், தாம் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதிவரட்டும்.