‘உடைய’ வந்தால் குறி போடு: இந்த விதி போதுமா?

ஆங்கில உடைமைப் பெயர்களுக்கு நம் பயிற்றிகளில் அடிக்கடி காணும் விதி இது: தமிழில் ‘உடைய’ வந்தால் அப்போஸ்ட்ரபி போட்டு எஸ் சேர், பன்மை என்றால் எஸ்ஸுக்குப் பின்னால் அப்போஸ்ட்ரபி போடு. மனப்பாடம் பண்ண எளிதுதான். ஆனால் எழுதும்போது இரண்டு பாதியுமே மாணவரைக் கைவிட்டுவிடும்.

நம் பிள்ளைகள் ‘கண்ணனுடைய வீடு’ என்றா பேசுகிறார்கள்? ‘கண்ணன் வீடு’ன்னுதானே சொல்றோம். உருபு மறைந்து வரும் ஆறாம் வேற்றுமைத் தொகை அது. மலாயிலோ மறைவதற்கு உருபே இல்லை; ‘ரூமா கண்ணன்’ என்று வீடு முன்னால், உடையவர் பின்னால். ஜொகூர் பாருவின் ஜாலான் வோங் ஆ ஃபூக் பெயர்ப்பலகையும் இதே வரிசைதான். இரண்டு மொழியும் குறியில்லாமலே பழக்கிய மாணவன் ‘கண்ணன் ஹவுஸ்’ என்று எழுதினால், அது கவனக்குறைவு இல்லை. அவன் மனதில் ‘உடைய’ வரவே இல்லை. அப்புறம் விதி எப்படி வேலை செய்யும்? முதலில் தொகையை விரிக்கச் சொல்லுங்கள். ‘யாருடைய வீடு?’ என்று கேட்டாலே போதும். தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமை உருபு ஆங்கில வகுப்பில் உதவுகிற இடம் இது.

‘உடைய’ வந்தும் குறி வராத இடங்களும் உண்டு. ‘உன்னுடைய’ என்பது வெறும் ‘யுவர்’. ‘அதனுடைய’ என்பதற்கு வரும் ‘இட்ஸ்’ஸில் குறி போட்டால் ‘இட் இஸ்’ என்று பொருள் மாறிவிடும். மேசையின் காலுக்கு ‘டேபிள் லெக்’ போதும்.

இரண்டாம் பாதிதான் அதிகம் குழப்புகிறது. பையன்கள், பையனுடைய, பையன்களுடைய – ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே ஒலி, ‘பாய்ஸ்’. காதால் கேட்டு எழுதுகிற மாணவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? தமிழில் மூன்றும் தனித்தனியாகக் கேட்கின்றன. அதோடு தமிழ் ஒரு வரிசையையும் காட்டுகிறது: பையன், பிறகு ‘கள்’, கடைசியில் ‘உடைய’. எண் முதலில், வேற்றுமை பிறகு. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். உடையவரின் பெயரை ஒருமையிலோ பன்மையிலோ முழுதாக எழுதிவிட்டு, அதன் பின் குறி. பன்மைக்கான எஸ் ஏற்கெனவே இருந்தால் இன்னொன்று வேண்டாம். இல்லையென்றால் சேர்க்க வேண்டும். ‘சில்ட்ரன்’ பன்மைதான், ஆனால் எஸ் இல்லை. அதனால் குறிக்குப் பின் எஸ் வரும். பயிற்றி விதியை நம்பியவன் இங்கே எஸ்ஸுக்குப் பின்னால் குறியைப் போட்டு மதிப்பெண் இழப்பான்.

1956-இல் ரசாக் அறிக்கை ஏற்கப்பட்ட மே 16-ஐ ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்தத் தமிழ்ச்சொல்லில் உருபும் இல்லை, ஒருவரா பலரா என்பதும் தெரியாது. ஆங்கிலப் பதாகையில் குறியை எஸ்ஸுக்கு முன் போட்டால் ஒரே ஓர் ஆசிரியரின் தினம். பின்னால் போட்டால் ஆசிரியர்கள் எல்லாருடைய தினம். பயிற்றியின் அடுத்த பதிப்பில் கோடிட்ட இடம் நிரப்பும் பத்துக் கேள்விகளைக் குறைத்துவிட்டு, இப்படி ஒரு பதாகையைக் கொடுத்து ‘இது எத்தனை பேருக்கான தினம்?’ என்று கேட்கலாம்.