‘முதல்’ என்று சொல்லாமல் ஒரு கதையைப் பாராட்ட முடியுமா?

தமிழின் முதல் சிறுகதை எது? வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’, 1915 என்பார் ஒருவர். பாரதியின் ‘ஆறில் ஒரு பங்கு’ 1910லேயே வந்துவிட்டதே என்பார் இன்னொருவர். ஐயர் கதையே தாகூரின் ‘காட்டேர் கதா’வைத் தழுவியதுதானே, அது 1884 என்று மூன்றாமவர் வருவார். ஒரு மணி நேரம் ஆண்டுக் கணக்கு ஓடும். கதைகள் ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

‘முதல்’ என்ற சொல் செய்யும் வேலை இது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சிக்கல். ‘எல்லா நேரத்திலும் வேலை செய்யும்’ என்று சொல்லிவிட்டால், டெஸ்டர் ஒரே ஒரு தடவை அதை உடைத்துக் காட்டினால் போதும். ‘யாருமே’, ‘ஒருபோதும்’, ‘ஒரே’ எல்லாம் இதே ரகம். ஒரு விதிவிலக்கு கிடைத்ததும் விவாதம் முடிந்துவிடுகிறது. நாம் உண்மையில் சொல்லவந்த விஷயமும் அதோடு போய்விடுகிறது.

ஐயர் தரப்பில் சொல்லவந்த விஷயம் என்ன? ருக்மிணியின் துயரத்தை நகர முடியாத ஒரு மரம் சொல்கிறது. மரத்துக்குத் தெரிந்தது குளத்தங்கரை மட்டும்தான். அந்தக் கட்டுப்பாடு கதைக்கு ஒருமையைத் தருகிறது. இதைச் சொல்ல ‘முதல்’ தேவையே இல்லை. இப்படிச் சொன்னால் எதிர்க்கேள்விகளும் உருப்படியாக வரும். தாகூரிடம் படித்துறை பேசுகிறது, இங்கே மரம் பேசுகிறது. அதனால் என்ன மாறியது? மரம் இவ்வளவு அழுது புலம்ப வேண்டுமா? பாரதி கதையில் காதல் கதையும் சாதிக்கு எதிரான வாதமும் ஒட்டுகின்றனவா?

‘அப்போ எல்லாத்துக்கும் ஓரளவு, ஒருவகையில்னு போட்டுக்கிட்டே போகணுமா? விமர்சனம் வழவழன்னு ஆயிடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ‘ஓரளவு’ என்பது நழுவல். எல்லை வகுப்பது வேறு. ‘புதுமைப்பித்தனுக்குப் பிறகு யாருமே எழுதவில்லை’ என்று முழங்க, யாரையும் படித்திருக்க வேண்டியதில்லை. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இருக்கும் நக்கல் இன்னாருடைய இந்தத் தொகுப்பில் இல்லை என்று சொல்ல, இரண்டையும் படித்தாக வேண்டும். தப்பாக இருந்தால் பக்கத்தைப் புரட்டி யாரும் காட்டிவிடலாம். அந்த ஆபத்துக்குத் தயாராக இருப்பவர்தான் கறாரான விமர்சகர். ‘யாருமே’ என்று ஆரம்பிப்பவரிடம் ‘யார் யாரைப் படிச்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.