மரத்தில் செதுக்கிய போர்

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களுள் சாமுராய் வீரர்களைச் சித்திரிப்பவற்றை 'முஷா-எ' என்பர். வீரத்தைப் போற்றும் படங்கள் என ஒற்றை வரியில் இவற்றை அடக்கிவிடுவோர் உளர். நான் மூலப் பிரதிகளைக் கண்டவனல்லன்; நூல்களில் வந்தவற்றையே பார்த்திருக்கிறேன். அந்தளவிற்கூட அக்கூற்று எனக்கு உடன்பாடானதல்ல.

உதகாவா குனியோஷி (1797–1861) புகழ் பெற்றது 1827 அளவில், சீன நாவலொன்றின் 108 வீரர்களை வரையத் தொடங்கிய பின்னராகும். அவ்வீரர்களோ அரசுக்கு அடங்காது ஒளிந்து வாழ்ந்தோர். படங்களை வாங்கியோர் எடோ நகரின் வணிகரும் கைவினைஞரும். இரு வாள் தரிக்கும் உரிமை சாமுராய்களுக்கே இருந்த சமூகத்தில், வாளில்லாதவன் வீட்டுக்கு வாங்கிச் சென்ற வாள் இது!

1843இல் அவர் வரைந்த மூன்று தாள் ஓவியத்தை நோக்குவோம். நோயுற்ற யோரிமித்சு படுத்திருக்கிறான். காவல் வீரர் நால்வர் அருகில் இருக்கின்றனர். பின்னால் மண்சிலந்தியும் பேய்க்கூட்டமும். பழங்கதைதான். ஆனால் மக்கள் அதனை வேறாக வாசித்தனர்: படுத்திருப்பவர் ஷோகன் இயேயோஷி, பேய்கள் தெம்போ சீர்திருத்தங்களால் வதைபட்ட குடிகள். பதிப்பாளர் அஞ்சிப் படத்தை மீளப்பெற்றார். வீரர் ஓவியம் அதிகாரத்தை அச்சுறுத்தியமைக்கு இதனிலும் சான்று வேண்டியதில்லை.

(ஓவியன் பெயரே நிலைக்கிறது. செரிமரப் பலகையில் மயிரிழை தவறாது செதுக்கியவரையும், நிறத்துக்கொரு பலகையாக ஒற்றி எடுத்தவரையும் எத்தனை பேர் அறிவர்?)

குனியோஷியின் மாணவர் யோஷிதோஷி (1839–1892) கண்டது வேறு காலம். 1868இல் உவேனோவில் போர் மூண்டது. அதையொட்டி 1868–69இல் வெளியான அவரது நூறு வீரர் வரிசையில் பழைய வீரர்களின் பெயரால் அன்றைய போரே பேசப்படுகிறது. வெட்டுண்ட தலையிலிருந்து இரத்தம் பருகுபவனும் அதிலுண்டு. அதனை வெறும் கொடூர ரசனை என்பதை நான் ஏற்கவில்லை. எனினும் சில தாள்களில் இரத்தம் மனிதனை மறைத்துவிடுகிறது என்பது மெய்யே.

1876இல் வாள் தரித்தல் தடைசெய்யப்பட்டது. 1885இல் தொடங்கிய 'சந்திரனின் நூறு தோற்றங்கள்' வரிசையில் அகாஷி கிதாயு என்னும் வீரன் வருகிறான். 1582இல் போரில் தோற்று, தன்னுயிரை மாய்க்க அமர்ந்திருக்கிறான். இறுதிக் கவிதை எழுதிய தாள் முன்னே கிடக்கிறது. துளி இரத்தமில்லை. எதிரியுமில்லை. அந்த நூறு வீரர் தாள்களில் எதுவும் இவனளவுக்கு என்னைக் கலக்கவில்லை.