'கேம்ப்': பெயர்ப்பில் நேரும் ஒரு பிழை

புனேயின் பழைய நகருக்குக் கிழக்கே 'கேம்ப்' என்னும் பகுதி உள்ளது. 1817ஆம் ஆண்டுக் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றபின் ஆங்கிலேயப் படை அங்கு நிலைகொண்டது. படைவீடு கடைத்தெருக்களும் தேவாலயங்களும் கொண்ட நகர்ப்பகுதியாக வளர்ந்த பின்னும் பெயர் நிலைத்தது. மராத்தியர் 'லஷ்கர்' என்றும் வழங்குவர். அது படையைக் குறிக்கும் பாரசீகச் சொல்.

ஆங்கிலத்திற்குப் பிரெஞ்சு வழி வந்த இச்சொல்லின் மூலம் இலத்தீனின் 'காம்புஸ்' ஆகும். அதன் பொருள் சமவெளி. உரோமர் தம் பாசறையைக் 'காஸ்ட்ரா' என்றனரேயன்றிக் 'காம்புஸ்' என்றிலர். வெளியின் பெயர் அவ்வெளியில் தங்கிய படைக்கு ஆகி, பின்னர்த் தற்காலிகத் தங்கல் எதற்கும் உரியதாயிற்று. இஃது இடவாகுபெயரின் பாற்படும்.

தமிழில் இதற்கு 'முகாம்' என எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அதுவும் அரபு மூலத்தது. நிற்குமிடம் என்பது அடிப்பொருள். மருத்துவ முகாம், அகதிகள் முகாம் என்பவற்றிற்கு அது பொருந்தும். புனேயின் கேம்பை அவ்வாறு பெயர்த்தால், இரு நூற்றாண்டுக் குடியிருப்பு சில நாள் தங்கலாகத் திரிந்துவிடுகிறது. மராத்தி முகவரிகளிலோ 'முக்காம்' என்பது ஒருவர் வாழும் ஊரையே சுட்டும். அம்மொழியிலிருந்து பெயர்ப்போர் இங்கு இருமடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பொருளளவில் 'பாளையம்' மிக நெருங்கியது. படைவீட்டின் பெயர் ஊர்ப்பெயராகிய வரலாறு அதற்கும் உண்டு. ஆயினும் உத்தமபாளையத்தை எவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதுவதில்லை. 'கேம்ப்' என ஒலிபெயர்த்து, முதலில் வருமிடத்தில் மட்டும் 'படைவீட்டுப் பகுதி' என விளக்குதல் போதும். வல்லின ஈறு தமிழ் மரபன்று என்போர் 'கேம்பு' என எழுதலாம்; உருபேற்கையில் இரண்டும் 'கேம்பில்' என்றே முடியும்.