அஷ்டமுடி மட்டி: விதியை மதிச்சவங்களுக்கு என்ன கிடைச்சது?

நீடித்த மீன்பிடிப்பு பற்றி எதைப் படித்தாலும் கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் ஒரு வெற்றிக் கதையாக வந்து நிற்கும். நானும் கொஞ்ச நாள் அதை அப்படியே நண்பர்களுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்போ திரும்ப யோசிச்சா, அந்தக் கதையில் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டுப் போயிருக்குன்னு தோணுது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொல்லம் மாவட்டத்தில் கல்லடையாறு வந்து கலக்கும் காயல் இது. நீண்டகரை அருகே அரபிக்கடலில் திறக்கிறது. இதன் மணலில் கிடைக்கும் ஒரு வகை மட்டிக்கு (மலையாளத்தில் கக்கா) 1980களில் வெளிநாட்டில் கிராக்கி வந்தது. 1991இல் சுமார் 10,000 டன் அள்ளினார்கள். இரண்டே வருஷத்தில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பயந்துபோய் 1993இல் விதிகள் கொண்டுவந்தார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலம், அப்போது அள்ளக் கூடாது. வலைக்கண் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒரு கிலோ சதையில் 1,400க்கு மேல் எண்ணிக்கை வந்தால், அதாவது அவ்வளவு பொடி மட்டியாக இருந்தால், ஏற்றுமதி கிடையாது.

விதிகள் வேலை செய்தன, பிடிப்பு மீண்டது. 2014 நவம்பரில் எம்.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழும் கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு இதுதான்.

கதை வழக்கமா இங்கேயே முடிஞ்சிடும். எனக்கு இதில் இரண்டு குறைகள் தெரிகின்றன.

ஒன்று, பெருமை யாருக்குப் போகிறது என்பது. சான்றிதழ் வந்ததால் காயல் பிழைத்தது என்கிற தொனியில்தான் பலரும் எழுதுகிறார்கள். விதிகள் வந்ததோ அதற்கு 20 வருஷம் முன்னாடி. வருஷத்துக்கு மூணு மாசம் மட்டி வருமானத்தை விட்டுக்கொடுத்தவங்க, தண்ணியில இறங்கி அள்ளுறவங்களும், கரையில அதை அவிச்சுத் தோடு நீக்குற பெண்களும்தான். சான்றிதழ் அவர்களுடைய கட்டுப்பாட்டைப் பின்னாளில் அங்கீகரித்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. எம்.எஸ்.சி. மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: பிடிக்கும் உயிரினம் போதுமான அளவு இருக்கிறதா, மீன்பிடிப்பு சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா. இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். மட்டி அள்ளுவதால் காயலுக்கு என்ன ஆகிறது என்று கேட்கிறது. காயல் கெடுவதால் மட்டிக்கும் மட்டி அள்ளுபவருக்கும் என்ன ஆகிறது என்பதை அந்த அளவுக்கு அழுத்திக் கேட்பதில்லை.

ஆனால் அஷ்டமுடியில் அப்புறம் நடந்தது அதுதான். பிடிப்பு 1990களின் அளவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு விழுந்துவிட்டது. காரணமாகச் சொல்லப்படுபவை மாசு, பருவநிலை மாற்றம், வெளியிலிருந்து வந்த ஒரு சிப்பி. தென், மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தச் சிப்பி கப்பல்கள் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். கொத்துக் கொத்தாக ஒட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு ‘வரத்தன் கக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரத்தன் என்றால் வெளியாள்.

கப்பலுக்கும் சாக்கடைக்கும் 30 மி.மீ. வலைக்கண் விதி பொருந்தாது. கரையோர ஏழைகள் மேல் போடுற விதியை அமல்படுத்துறது சுலபம். ஊர்க் கழிவையும் துறைமுகத்தையும் கட்டுப்படுத்துறது கஷ்டம். சுலபமானதைச் செஞ்சுட்டு அதுக்கே ‘மேலாண்மை’ன்னு பேர் வெச்சிட்டோம்.

அள்ளுறவங்க பக்கம் தப்பே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கலாம். பொடி மட்டியை அள்ளினால் அடுத்த வருஷப் பிடிப்பு அடிவாங்கும் என்பது 1993லேயே தெரிந்த பாடம். விதிகள் தளரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

2024 ஜனவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளைக் காயலில் விட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் அவை இறங்கியதும் அதே தண்ணீரில்தானே? மீன் மாதிரி நீந்தி வேறு இடம் தேடிப் போக மட்டியால் முடியாது. விழுந்த இடத்து மணலும் உப்பும் கழிவும்தான் அதன் விதி.

அஷ்டமுடியை முன்மாதிரியாகக் காட்டி வேறொரு காயலுக்குத் திட்டம் எழுதுகிறவர்கள் மட்டி அள்ளுபவர் செய்ய வேண்டியதை ஒரு பத்தியில் எழுதட்டும். நகராட்சியும் துறைமுகமும் மேலே தண்ணீரைத் திறந்து மூடுகிறவர்களும் செய்ய வேண்டியதை அடுத்த பத்தியில் அதே கறார்த்தனத்தோடு எழுதட்டும். மீறினால் என்ன அபராதம் என்பதையும் சேர்த்து. அந்த இரண்டாவது பத்தி இல்லாத திட்டம் எதையும் நான் இனி வெற்றிக் கதைன்னு சொல்றதா இல்லை.