ஐந்து புலங்களும் ஒரு மாணவரும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று, இராசராசன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, பெயர், வந்த தளி (கோயில்), குடியிருந்த தெருச் சிறகு, வீட்டு வரிசை என ஒவ்வொருவராகப் பதிவு செய்கிறது. தலைக்கு ஒரு பங்கு. பங்குக்கு நூறு கலம் நெல். இதைப் படிக்க எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது. கலம், வேலி என்னும் பழைய அளவுகள் தெரிய வேண்டும். ஊர்ப்பெயர்கள் திரிந்த வழி தெரிய வேண்டும். அப்பெண்டுகள் ஆடிய ஆடலின் மரபு தெரிய வேண்டும். அதே கோயிலின் மேல்தளத்தில் 108 ஆடற்கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டு, எஞ்சிய கற்கள் உளி படாமல் நிற்பதையும் கண்டிருக்க வேண்டும். அதே ஊரில் இருக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பாடப்பரப்பை மதிப்பிட இதைவிடத் தகுந்த உரைகல் எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கல்வெட்டை முழுமையாகப் படிக்கும் ஒருவரை அதன் படிப்புகள் உருவாக்குமா என்பதே என் கேள்வி.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1981-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 15 அன்று இப்பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம், மொழியியலாளர். அவர் கையில் உருவான அமைப்பு ஐந்து புலங்களைக் கொண்டது: கலைப்புலம், சுவடிப்புலம், வளர்தமிழ்ப்புலம், மொழிப்புலம், அறிவியற்புலம். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்திலும் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பல துறைகளுள் ஒன்று. இங்கே தமிழே புலங்களாகப் பகுக்கப்பட்டது. சிற்பமும் இசையும் நாடகமும் ஒரு புலம். ஓலைச்சுவடியும் கல்வெட்டும் கடல்சார் வரலாறும் ஒரு புலம். அகராதியியலும் மொழிபெயர்ப்பும் அயல்நாட்டுத் தமிழ்க் கல்வியும் ஒரு புலம். இலக்கியம், மொழியியல், நாட்டுப்புறவியல், மெய்யியல் ஆகியவை மொழிப்புலத்தில் அமைந்தன. சித்த மருத்துவமும் தொல்லறிவியலும் கட்டடக்கலையும் கணிப்பொறியும் அறிவியற்புலத்தில் இடம்பெற்றன.

இப்பகுப்பின் தரம் உயர்ந்தது. பாடநூல் வழக்கில் தமிழ் என்றால் இலக்கணமும் இலக்கியமும்தான் என்றிருந்த குறுகல் இங்கே உடைந்தது. தமிழர் செய்த பொருளும் வெட்டிய எழுத்தும் ஓட்டிய கலமும் தமிழ்க் கல்விக்குள் வந்தன. ஒவ்வொரு துறையும் ஒரு தனி முறையியலுக்கு இடம் தந்தது என்பதுதான் இதில் முக்கியம். சுவடி படிப்பவரின் முறை வேறு, அகழ்பவரின் முறை வேறு, சொற்பொருள் தொகுப்பவரின் முறை வேறு. இவற்றைத் தமிழ் இலக்கியம் என்ற ஒரே போர்வைக்குள் திணிக்காதது அறிவுநேர்மை. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இப்பல்கலைக்கழகத்தின் கல்வெட்டு, தொல்லியல் துறை ஆற்றிய பணி, இத்திட்டம் தாளோடு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. சே. இராமானுஜமும் மு. இராமசாமியும் பணியாற்றிய நாடகத்துறை, தமிழில் நாடகக் கல்விக்கு ஒரு முகவரி கொடுத்தது. வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் இங்கிருந்தே வந்தன.

ஆனால் இது ஆய்வாளர்களுக்கு வகுத்த அமைப்பு. மாணவர் பின்னால் வந்தார். உயராய்வு நிறுவனமாகப் பிறந்த ஒன்று படிப்படியாக முதுகலையும், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டமும், கல்வியியலும், தொலைநிலைக் கல்வியும் தரும் இடமாயிற்று. இம்மாற்றத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன். மாணவர் வராத பல்கலைக்கழகம் தன் அறிவைக் கைமாற்ற வழியின்றித் தேய்ந்துவிடும். ஆய்வுக்காக வகுத்த எல்லைகளையே பட்டங்களின் எல்லைகளாகவும் வைத்துக்கொண்டதுதான் பிழை. ஆய்வாளருக்குத் துறை என்பது தான் ஏற்கெனவே கற்றதை ஆழப்படுத்தும் இடம். மாணவருக்கோ அது கற்பதன் எல்லையாகவே ஆகிவிடுகிறது. கல்வெட்டுக்கு வந்தவர் கல்வெட்டோடு போகிறார். இசைக்கு வந்தவர் இசையோடு போகிறார். தளிச்சேரிக் கல்வெட்டு இருவருக்கும் பாதிதான் புரியும்.

விருப்பப் பாடமாக இரண்டொரு தாள்களைச் சேர்த்து இதைத் தீர்த்துவிடலாம் என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்வோம். பழைய ஏட்டில் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ரகரத்தையும் காலையும் வேறுபடுத்திக் காட்டும் குறி இராது. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. இதைப் படிக்கும் கண், ஏட்டின் முன் நாள்தோறும் உட்கார்ந்து பழகிய பிறகே வாய்க்கும். முன்பு ஆய்வியல் நிறைஞர் பட்டத்தின் ஆண்டு இப்பழக்கத்துக்கு ஓரளவு உதவியது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அப்பட்டத்தை முடித்துவைத்தது. இனி அப்பயிற்சியை முதுகலையே சுமக்க வேண்டும். ஏட்டையும் கல்லையும் கையாளப் பழக்காத முதுகலை, பெயரில் மட்டுமே சுவடியியலாக இருக்கும். ஓலைச்சுவடிகளைக் காக்கும் சரசுவதி மகால் நூலகம் இருக்கும் ஊரில் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

அறிவியற்புலத்தை மதிப்பிடுவது கடினம். அதன் கருத்தமைவு ஐந்திலும் புதுமையானது. நிறைவேற்றம் ஐந்திலும் தளர்வானது. தமிழரின் பழைய அறிவை இன்றைய அறிவியல் முறையால் சோதிப்பதும், இன்றைய அறிவியலைத் தமிழில் சொல்வதும் அதன் இரட்டைக் குறிக்கோள்கள். முதலாவதற்கு வேதியியலும் தாவரவியலும் புவியியலும் கற்றுத் தமிழ் ஏடுகளையும் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அவரை உருவாக்க ஒரு முதுகலை போதாது. சித்த மருத்துவத்தில் மருத்துவர் பட்டம் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. ஆகவே இங்குள்ள துறையின் உண்மையான களம் மருத்துவ நூல்களின் செம்பதிப்பும் மூலிகைகளைச் சரியாக இனங்காணுதலும். அந்த எல்லையைத் தெளிவாக அறிவித்து அதற்கேற்ப மாணவரைச் சேர்த்தால் அது பெருமைக்குரிய துறை; பொதுவாகச் சித்தம் என்று நின்றால் மருத்துவருக்கும் பயனில்லை, பதிப்பாளருக்கும் பயனில்லை. இரண்டாவது குறிக்கோளில், களஞ்சியத்துக்காகத் திரட்டிய கலைச்சொற்களை வகுப்பறையில் புழங்கிப் புடம்போடும் அளவுக்கு அறிவியற்புலத்தின் பட்டங்கள் வளரவில்லை.

கணிப்பொறித் துறையை இங்கே சிறிது பேச வேண்டும். எழுத்துணரி, சொற்பிரிப்பான், இயந்திர மொழிபெயர்ப்பு ஆகிய எதுவும் மொழியியலும் அகராதியியலும் இன்றி நடக்காது. கணிப்பொறியியல், மொழியியல், அகராதியியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் உள்ள பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில் மிகச் சில. எந்தப் பொறியியல் கல்லூரியும் தரக்கூடிய பொதுவான கணிப்பொறிப் பட்டத்தை இங்கே தருவது வளத்தை வீணாக்குவது. மொழித்தொழில்நுட்பம் என்ற ஒரே பட்டத்தில் மூன்று துறைகளும் சேர்ந்து கற்பித்தால் அதற்கு இணை வேறெங்கும் இருக்காது.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி ஒரு வரி போதும். இலக்கியத்துக்கு அது பொருந்தும். சுவடிக்கும் சிற்பத்துக்கும் நாடகத்துக்கும் பொருந்தாது.

பரப்பு மிகுதி என்பது இப்பல்கலைக்கழகத்தின் மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. வேலை தராத துறைகளை மூடலாம் என்று அதற்குத் தீர்வும் சொல்கிறார்கள். நான் இதை மறுக்கிறேன். கடல்சார் வரலாறும் பழங்குடி ஆய்வும் சேர்க்கை எண்ணிக்கையால் நியாயம் பெறுபவை அல்ல. ஆண்டுக்கு மூன்று மாணவர் வந்தாலும் அவை நடக்க வேண்டும். வேறு எவரும் அவற்றை நடத்தப் போவதில்லை. குறைக்க வேண்டியது வேறிடங்களிலும் கிடைக்கும் பட்டங்களை.

என் தீர்ப்பு இதுதான். திட்டமாக, தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பாடப்பரப்பு தமிழ்க் கல்வி வரலாற்றின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்று. அதைக் குலைக்கும் எந்தச் சீரமைப்பும் இழப்பே. மாணவர் நடந்து செல்லும் படிப்பாக, அது இன்னும் இரண்டாம் தரத்தில் நிற்கிறது. குறை ஆசிரியர்களிடம் இல்லை, பொருளிலும் இல்லை. துறைகளுக்கிடையே பட்டம் இல்லாததில் இருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் அமர்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று. கல்வெட்டு, மொழியியல், சிற்பம், இசை ஆகிய நான்கு துறைகளும் சேர்ந்து நடத்தும் ஈராண்டு முதுகலை ஒன்றைத் தொடங்குங்கள். முதல் பருவத்தின் வகுப்பறையாகப் பெரிய கோயிலின் திருச்சுற்றையே வையுங்கள்.