ரேடான் அறிக்கையில் விடுபடும் பாதிக் கணக்கு

வீட்டுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு எவ்வளவு என்று சொல்லும் நல்ல ஆய்வக அறிக்கையில், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ± இருக்கும். அதற்குள் எதெல்லாம் அடங்கியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

ரேடானை அளக்கப் பயன்படும் சிஆர்-39 பிளாஸ்டிக் துண்டை எடுத்துக்கொள்வோம். சில மாதங்கள் அறையில் இருந்த துண்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு எடுத்தால், ஆல்ஃபா துகள் பாய்ந்த இடங்கள் நுண்ணோக்கியில் குழிகளாகத் தெரியும். அவற்றை எண்ணுவார்கள். கதிரியக்கச் சிதைவு தற்செயலானது. அதனால் 100 குழிகள் எண்ணினால் அதன் நிச்சயமின்மை 100இன் வர்க்கமூலமான 10. குறைந்த ரேடான் உள்ள வீட்டில் நிலைமை மோசம். மொத்தம் 50 குழிகள், ரேடான் படாத துண்டில் அதே பரப்பில் 20 என்றால் மிச்சம் 30. அதன் நிச்சயமின்மையோ 50, 20 இரண்டின் கூட்டுத்தொகையான 70இன் வர்க்கமூலம், சுமார் 8.4. அதாவது 28 சதவீதம்! அந்த 20 என்ற பின்புலத்தைக் கழித்துவிடலாம், அதன் ஐயம் கூடவே வந்துவிடும்.

அளவீட்டு நிச்சயமின்மை பற்றி 1993இல் வெளியான சர்வதேச வழிகாட்டி இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியது. எண்ணிக்கை, பின்புலம், அளவுத்திருத்தம் ஆகியவற்றின் பங்குகளை வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, வழக்கமாக 2ஆல் பெருக்கித் தருகிறார்கள். அருமையான முறை. எந்தப் பங்கு பெரியதோ அதைச் சரிசெய்ய உழைக்கலாம். அளவுத்திருத்தத்தில் தவறு இருந்தால், எத்தனை குழிகளை எண்ணினாலும் அது குறையாது என்பதும் விளங்கிவிடும்.

குறை, கருவிக்கு வெளியே இருக்கிறது. வீட்டு ரேடான் இரவுக்கும் பகலுக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும். ரேடானை அளக்கும் இன்னொரு கருவியான கரித்தூள் குப்பி பார்ப்பதோ 2 முதல் 7 நாள். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால் அதிலும் கடைசி நாள்களே ஓங்கி நிற்கும். நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல ஆண்டுச் சுவாசத்தைப் பொறுத்தது. வீட்டில் ரேடானைக் குறைக்க நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அமெரிக்காவின் எல்லை கன மீட்டருக்கு 148 பெக்கரல். சன்னல் திறந்திருந்த வாரத்தில் 120 ± 12 என்று வந்தால் குடும்பம் நிம்மதியாகிவிடும். குளிர்காலத்தில் சன்னல்களை மூடியபின் நிலவரம் வேறாக இருக்கலாம்.

மணவாளக்குறிச்சி போன்ற மோனசைட் கடற்கரைகளில் இன்னொரு சிக்கல்: தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான். அரை ஆயுள் 56 விநாடிதான். ஆனாலும் தடுப்பில்லாத கருவிக்குள் நுழைந்து ரேடானாக எண்ணப்படும். திரும்பத் திரும்ப அளந்தாலும் இந்தப் பிழை போகாது. இரண்டையும் பிரித்தறிய பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ஊசித்துளைக் குப்பி போன்றவை வேண்டும்.

ஆகவே ஆய்வகங்கள் இரண்டு நிச்சயமின்மைகளை அச்சிட வேண்டும்: கருவி இருந்த நாள்களின் அளவுக்கு ஒன்று, ஆண்டுச் சராசரிக்கு இன்னொன்று. இரண்டாவதைத் தர முடியாவிட்டால், ‘இது இத்தனை நாள் அளவு மட்டுமே’ என்று முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.